திராட்சைச் சரிவில் கல்கட்டு வயிறு தள்ளுகிறது

கேள்வி: குடும்பமாகப் பார்க்கும் சிறிய இயற்கை ஒயின் தோட்டம். சீர்செய்த படிக்கட்டு வயலில் சாந்து இல்லாமல் அடுக்கிய ஒரு கல்கட்டு மழைக்குப் பின் நடுவில் பிதுங்கி நிற்கிறது. சிமெண்ட் பூசலாமா? அடிச்சாம்பல் நோய்க்கு (இலையின் அடிப்பக்கம் வெண்பூஞ்சை படர்வது) தாமிரம் எவ்வளவு அடிக்கலாம்?

பதில் 1: சிமெண்ட் வேண்டவே வேண்டாம். தண்ணீர் பின்னால் தேங்கி, கட்டு மொத்தமாகச் சரியும். பிதுங்கிய இடத்தை அடி வரை பிரியுங்கள். பின்னால் உடைகல் இடுக்கெல்லாம் சேறு அடைத்திருக்கும், பெரும்பாலும் அதுதான் காரணம். பெரிய கல் அடியில் போக வேண்டும். நீளப்பக்கம் மலைக்குள் போகட்டும். நீளத்தை முகப்பில் காட்டினால் பார்க்க அழகு, நிற்காது. மீட்டர் உயரத்துக்குச் சுமார் 15 செ.மீ. உள்சாய்வு. கீழே இரண்டு கல் சேரும் இடத்தை மேல்கல் மூட வேண்டும். பின்னால் 30 செ.மீ. அகலத்துக்கு உடைகல் மட்டும், மண் கூடாது.

பதில் 2: ஐரோப்பிய ஒன்றியத்தில் தாமிரத்துக்கு உச்சவரம்பு 7 ஆண்டுக்கு ஹெக்டேருக்கு 28 கிலோ. இது உலோகத் தாமிரக் கணக்கு, பொட்டல எடை அல்ல. 20% தாமிரமுள்ள மருந்து 2 கிலோ என்றால் 400 கிராம்தான். மழைக்கு முன்பே அடியுங்கள். இலைக்குள் புகுந்த பூஞ்சையை அது தொடாது. பலத்த மழை கழுவிவிட்டால் மறுபடி அடிக்க வேண்டும்.

பதில் 3: சாம்பல் நோய் (இலை மேல் வெள்ளைப் பொடி படிவது) வேறு, அதற்குக் கந்தகம் போதும். 30 டிகிரிக்கு மேல் வெயில் காயும்போது அடித்தால் இலை கருகும். அப்புறம், கல்கட்டை ஒட்டி உழாதீர்கள், புல்லை விட்டுவையுங்கள்.