ஆயாவின் சேலைகளைக் காட்சிக்கு வைக்க விரும்புகிறோம்: எவற்றைத் தேர்ந்தெடுப்பது?

கேள்வி (சாட்ஸ்வொர்த், டர்பன், தென்னாப்பிரிக்கா)

அனைவருக்கும் வணக்கம். 2018இல் லண்டன் விக்டோரியா ஆல்பர்ட் அருங்காட்சியகத்தில், மெக்சிகோ ஓவியர் ஃப்ரீடா காலோவின் உடைகளும் அணிகலன்களும் காட்சிக்கு வைக்கப்பட்டிருந்தபோது அதைப் பார்க்கும் வாய்ப்பு எனக்குக் கிடைத்தது. 1954இல் அவர் மறைந்தபின் கணவர் தியேகோ ரிவேரா பூட்டிவைக்கச் சொல்லி, 2004இல்தான் திறக்கப்பட்ட அறையிலிருந்து வந்த பொருள்கள் அவை. பூவேலை செய்த தெஹுவானா எனும் மெக்சிகோ மரபு உடைகள் கண்ணைப் பறித்தன. ஆனால் பேருந்து விபத்தில் முறிந்த முதுகெலும்பைத் தாங்குவதற்காக அவர் அணிந்து, தம் கையாலேயே ஓவியம் தீட்டிய பிளாஸ்டர் கவசங்களின் முன்னால்தான் கூட்டம் நகராமல் நின்றது.

காலஞ்சென்ற எங்கள் ஆயா (பாட்டி), சேலை உடுத்தும் நேர்த்திக்காக இந்த வட்டாரத்தில் பெயர் பெற்றவர். அவருடைய சேலைகளைக் கோயில் மண்டபத்தில் சில நாள் காட்சிக்கு வைக்க விரும்புகிறோம். பட்டுச் சேலைகளை மட்டும் வைத்தால் போதும் என்கிறார் மாமா. எனக்கு அதில் மனம் ஒப்பவில்லை. உங்கள் கருத்து என்ன?

மறுமொழி (ஃபீனிக்ஸ், டர்பன்)

தங்கையே, நைலான், ஜார்ஜெட் சேலைகளை ஒதுக்கிவிடாதீர்கள். இனப்பாகுபாட்டை எதிர்த்து 1946இல் இந்தியா தென்னாப்பிரிக்காவுடன் வணிக உறவைத் துண்டித்தது. அந்தத் தடை 1990களின் தொடக்கம்வரை நீடித்தது. நம் தாய்மார்கள் டர்பன் கிரே தெருக் கடைகளில் கிடைத்ததைக் கொண்டுதான் கல்யாணத்துக்கும் காவடிக்கும் உடுத்தினார்கள். என் அம்மா வைத்திருந்தவற்றில் பல, ஜப்பானில் செய்த செயற்கை இழைச் சேலைகள். காஞ்சிப் பட்டு அரிதாகக் கிடைத்த காலத்தில் ஒரு பெண் எப்படி அழகாக உடுத்தினாள் என்பதை அவைதான் சொல்லும். ஒவ்வொரு சேலையின் அருகிலும் அது எங்கே, யார் வாங்கியது, எந்த விசேஷத்துக்கு உடுத்தியது என்று எழுதிவையுங்கள். விலையை எழுத வேண்டாம்.

மறுமொழி (பீட்டர்மாரிட்ஸ்பர்க்)

மேலே அக்கா சொன்னதை நானும் ஏற்கிறேன். நியூயார்க் மெட்ரோபாலிட்டன் அருங்காட்சியகம் 2005இல் ஐரிஸ் ஆப்ஃபெல் என்ற பெண்மணியின் உடைகளைக் காட்சிக்கு வைத்தபோது அவருக்கு வயது 84. அவர் உடை வடிவமைப்பாளர் அல்லர். கணவருடன் துணி நிறுவனம் நடத்தியவர். பாரிஸின் உயர்தர உடையோடு சந்தையில் வாங்கிய மலிவான வளையல்களை அடுக்கடுக்காக அணிவது அவர் பாணி. தனித்தனிப் பொருள்களைவிட அவற்றை அவர் சேர்த்து அணிந்த விதத்தில்தான் அவருடைய ரசனை தெரிந்தது. ஆகவே ஆயாவின் சேலையைத் தனியாகத் தொங்கவிடாமல், அதற்கு அவர் போட்ட ரவிக்கை, வளையல், கைப்பை, அதை உடுத்தி எடுத்த புகைப்படம் ஆகியவற்றை ஒன்றாக வையுங்கள்.

மறுமொழி (டர்பன், துணிப் பாதுகாப்பில் பயிற்சி பெற்றவர்)

தேர்வைப் பற்றி மற்றவர்கள் சொல்லிவிட்டார்கள். நான் துணியைப் பற்றி மட்டும் சொல்கிறேன். அருங்காட்சியகங்களில் பழைய துணிகள்மீது ஏறத்தாழ 50 லக்ஸ் (ஒளியை அளக்கும் அலகு) அளவு மங்கலான ஒளியையே விழ விடுவார்கள், ஏனெனில் ஒளியால் வெளுத்த சாயமும் நைந்த பட்டிழையும் மறுபடி பழைய நிலைக்கு வருவதில்லை. மண்டபத்தின் சன்னல்களைத் தடித்த திரையால் மூடிவிடுங்கள். ஆண்டுக்கணக்கில் ஒரே மடிப்பில் கிடந்த சேலையின் சரிகை அந்த மடிப்பிலேயே விரிசல் விட்டிருக்கும். அதை பொம்மைக்குக் கட்டிக் கொசுவம் வைத்தால் கிழிந்துவிடும். அப்படிப்பட்ட சேலையைப் பருத்தித் துணி சுற்றிய அகலமான உருளைமீது, எடை ஓரிடத்தில் தொங்காமல் பரப்பிவையுங்கள். கட்டிக் காட்ட வேண்டுமென்றால் உறுதியான நைலான் சேலைகளைக் கட்டுங்கள், ஊசி குத்தாதீர்கள். வருபவர்கள் தொட்டுப் பார்க்கத்தான் விரும்புவார்கள். அதற்கென்று சாதாரணச் சேலை ஒன்றைத் தனி மேசையில் வைத்துவிட்டால், மற்றவை தப்பும். முடிந்ததும் டர்பன் ஈரக்காற்றில் பூஞ்சை பிடிக்காதபடி, துவைத்த பழைய வேட்டித் துணியில் சுற்றி வையுங்கள். பாச்சை உருண்டை சரிகையில் படக்கூடாது.

கேள்வி கேட்டவர்

மூவருக்கும் மிக்க நன்றி. மாமாவிடம் இதைப் படித்துக் காட்டினேன். ஆயா வீட்டில் உடுத்திய, முந்தானையில் இழையோட்டித் தைத்த பருத்திச் சேலையையும் வைக்கலாம் என்று அவரே சொன்னார். அந்தத் தையலைப் பிரித்துச் சீர்செய்ய வேண்டுமா?

மறுமொழி (டர்பன், துணிப் பாதுகாப்பில் பயிற்சி பெற்றவர்)

வேண்டவே வேண்டாம். அது அவர் கைத்தையல். அந்தப் பகுதி மேலே தெரியும்படி மடித்துவையுங்கள்.