சந்தேகம்: கேமராவில் மான் இரவில் மட்டும் விழுகிறது, ரைஃபிள் சீசனுக்கு எங்கே உட்காருவது?

கேள்வி:
வணக்கம். பென்சில்வேனியாவில் வேட்டைப் பயிற்சி வகுப்பு முடித்து லைசென்ஸ் வாங்கியாயிற்று. முதல் சீசன், ரைஃபிள் மட்டும்தான். பக்கத்தில் உள்ள ஸ்டேட் கேம் லேண்டில் (மாநில அரசின் பொது வேட்டை நிலம்) ஒரு புல்வெளி ஓரமாக வெள்ளைவால் மானின் குளம்படியும் புழுக்கையும் ஏராளம். அங்கே ட்ரெயில் கேமரா (விலங்கு அசைந்தால் தானாகப் படம் எடுப்பது) கட்டி மூன்று வாரம். விழுந்த படம் எல்லாம் இரவு 10 மணிக்கு மேல்தான். கொஞ்சம் உள்ளே ஆண் மான் மண்ணைப் பறித்த ஸ்கிரேப் இரண்டு இருக்கிறது. அதற்கு எதிரே உட்காரலாமா?

பதில் 1:
புல்வெளியை விட்டுவிடுங்கள், அது ராத்திரி மேய்ச்சல் இடம். சூரிய உதயத்துக்கு அரை மணி முன்பிலிருந்து மறைந்து அரை மணி வரைதான் சுடலாம். அந்த நேரத்தில் அவை அங்கே இல்லை என்று கேமராவே காட்டிவிட்டது.

புல்வெளியிலிருந்து காட்டுக்குள் போகும் தடத்தைப் பிடித்து, பகல் படுக்கை வரை தேடுங்கள். சருகு அமுங்கி மூன்று, நான்கு அடி நீளத்தில் முட்டை வடிவப் பள்ளமாகத் தெரியும். சிறிதும் பெரிதுமாக நாலைந்து சேர்ந்து கிடந்தால் பெட்டையும் குட்டிகளும். பெரிய படுக்கை ஒன்று தனியாக இருந்தால் பெரும்பாலும் ஆண். மவுண்டன் லாரல் புதரையும், மரம் வெட்டி ஐந்து பத்து வருடம் ஆகி அடர்ந்த இடத்தையும் முதலில் பாருங்கள். படுக்கையைக் கண்டதும் திரும்பிவிடுங்கள். ஆள் வாடை தங்கினால் இடம் மாற்றிவிடும்.

ஸ்கிரேப்பை நம்ப வேண்டாம். ஆண் மான் அதைப் போடுவது இணைசேரும் பருவத்துக்காக, பென்சில்வேனியாவில் அதன் உச்சம் நவம்பர் நடுவில். ரைஃபிள் சீசன் தொடங்குவது தேங்க்ஸ்கிவிங்குக்கு (நவம்பர் நான்காம் வியாழன்) அடுத்த சனிக்கிழமை. அதற்குள் பெரும்பாலான ஸ்கிரேப்களைச் சருகு மூடியிருக்கும். மண் ஈரமாக, மேலே தொங்கும் கிளைநுனி புதிதாக முறிந்து இருந்தால் மட்டும் கணக்கில் எடுங்கள்.

பதில் 2:
தீனியையும் பாருங்கள். இலை மடல் உருண்டிருந்தால் வெள்ளை ஓக், கூராக முள் நுனியோடு இருந்தால் சிவப்பு ஓக். வெள்ளை ஓக் காயில் துவர்ப்பு குறைவு, மான் அதைத்தான் முதலில் தீர்க்கும். சீசன் வரும்போது சிவப்பு ஓக் காய்தான் மிஞ்சும், அதனால் அந்த மரங்கள் எங்கே என்று இப்போதே குறித்துக்கொள்ளுங்கள்.

கடித்த குச்சியைக் கையில் எடுத்துப் பாருங்கள். மானுக்கு மேல் முன்பல் கிடையாது, பிய்த்து இழுக்கும், நுனி நார் நாராக இருக்கும். கத்தியால் சாய்த்து வெட்டியது போலிருந்தால் அது முயல்.

கேள்வி கேட்டவர்:
மிக்க நன்றி. மலைமுகட்டுக்குக் கீழே கிழக்குச் சரிவில் லாரல் புதருக்குள் படுக்கைகள் கிடைத்தன. முகட்டின் தாழ்ந்த பகுதி வழியாகத் தடம் மேற்கே கடக்கிறது. அந்தத் தாழ்விலேயே உட்காரட்டுமா?

பதில் 1:
வேண்டாம். மேற்குக் காற்றில் உங்கள் வாடை நேராகப் படுக்கையில் இறங்கும். முகட்டைத் தாண்டி வரும் காற்று முதுகுப்பக்கம், கண் கீழ்ச்சரிவில் என்றுதான் அவை அங்கே படுப்பதே.

படுக்கைக்குத் தெற்கே 150 கெஜம் தள்ளி, தடம் தெரியும்படி, தோளைவிட அகலமான மரத்தில் முதுகு சாய்த்து உட்காருங்கள். மேற்குக் காற்றென்றால் வாடை படுக்கையைத் தொடாமல் கிழக்கே போய்விடும். தெற்குக் காற்று வீசும் நாளில் அங்கே போகவே கூடாது. கிழக்குப் பள்ளத்தாக்கிலிருந்து ஏறாதீர்கள், அவற்றின் கண்ணெதிரே நடப்பதாகும். மேற்கிலிருந்து சுற்றி, இருட்டிலேயே வந்து சேருங்கள். வெயில் சரிவைச் சூடாக்கியதும் காற்று மேலேறும், மாலையில் கீழிறங்கும். கொஞ்சம் டால்கம் பவுடர் தூவிப் பார்த்தால் திசை புரியும்.

முகட்டில் வானம் பின்னணியாகத் தெரியும் மானை எக்காரணத்துக்கும் சுடாதீர்கள். குண்டுக்குப் பின்னால் மண்சரிவு இருக்க வேண்டும், மறுபக்கம் ஆள் இருக்கலாம். தலை, மார்பு, முதுகு சேர்த்து 250 சதுர அங்குலம் ஒளிரும் ஆரஞ்சு கட்டாயம். மரத்தில் வெள்ளைப் பெயிண்ட் கேம் லேண்ட் எல்லை. ஊதாப் பெயிண்ட் கண்டால் தனியார் நிலம், உள்ளே கால் வைக்கக் கூடாது.