டக்ட் ஏசியை விட்டு ஸ்ப்ளிட்டுக்கு மாறியவர்கள் இருக்கிறீர்களா? (அனுபவப் பகிர்வு)

மொட்டைமாடி எழுதியது:

வேட்டி விஷயத்தைச் சொல்லத்தான் இந்த இழையைத் தொடங்குகிறேன்.

துரைப்பாக்கத்தில் மூன்று படுக்கையறை ஃபிளாட். உள்வேலை நடந்தபோது சுவரில் பெட்டி எதுவும் தொங்கக் கூடாது என்று பிடிவாதமாக நின்றவன் நான்தான். ஃபால்ஸ் சீலிங்குக்கு மேலே ஒரே பெரிய யூனிட், அதிலிருந்து எல்லா அறைக்கும் டக்ட், அதாவது குளிர்காற்று போகும் பெரிய குழாய், கூரையில் காற்று வர நீளமாக ஒரு கிரில். பார்க்கப் பெரிய ஓட்டல் மாதிரி இருந்தது. அறைச் சூட்டைப் பார்த்து ஏசியை ஓட்டி நிறுத்தும் தெர்மோஸ்டாட் மட்டும் ஹாலில் ஒன்றே ஒன்று. மே மாதம் எங்கள் ஹால் மேற்கு வெயிலில் கொதிக்கும். அது 24 டிகிரிக்கு இறங்குவதற்குள் அப்பாவின் அறை 20-க்குப் போய்விடும். அவருக்கு 76 வயது. குளிர்கிறது என்று ஒருநாளும் வாய் திறக்கவில்லை.

ஒரு ராத்திரி இரண்டு மணிக்குத் தண்ணீர் குடிக்க எழுந்தேன். அப்பா அறையில் விளக்கு எரிந்தது. கதவைத் தள்ளினால், ஸ்டூல் மேல் நிற்கிறார். பழைய வேட்டியை நீளமாக மடித்து, கரண்டிக் காம்பால் கிரில் இடுக்கில் திணித்துக்கொண்டிருக்கிறார். என்னைப் பார்த்ததும் "நீ இன்னும் தூங்கலையா?" என்றார், நான்தான் ஏதோ தப்பு செய்து மாட்டிக்கொண்ட மாதிரி. காலையில் எட்டிப் பார்த்தேன். உள்ளே ஏற்கெனவே வேறு துணியும் தெரிந்தது.

அந்த வருஷமே அறைக்கு ஒரு ஸ்ப்ளிட், உள்ளே சுவரில் ஒரு பெட்டி, வெளியே ஒரு பெட்டி என்று மாட்டிவிட்டோம். டக்ட் யூனிட்டை யாராவது வந்தால்தான் போடுகிறோம். அப்பா அறையில் 28, மின்விசிறி ஒன்றாம் வேகத்தில். மகன் அறையில் 23. என்ன லாபம் என்று கேட்டால் எனக்கு இதுதான். கரண்ட் பில் கதையெல்லாம் அப்புறம்.

ஊஞ்சல் எழுதியது:

எங்களுக்குக் கழற்றுவதற்கு டக்ட்டே கிடையாது. நியூஜெர்சி. 1940-களில் கட்டிய வீடு, கீழே பாய்லர், சுவரோரம் வெந்நீர் ஓடும் ரேடியேட்டர். சென்ட்ரல் ஏசி வேண்டுமென்றால் இரண்டு அலமாரிகளைப் பலி கொடுத்து, கூரையை உடைத்து டக்ட் ஓட்ட வேண்டும். அதனால் வருஷா வருஷம் ஜூன் பிறந்தால் பேஸ்மென்ட்டிலிருந்து ஜன்னல் ஏசிகளைத் தூக்கிக்கொண்டு மாடி ஏறுவேன். செப்டம்பரில் திரும்ப இறக்குவேன்.

மூன்று வருஷத்துக்கு முன் மாடி ஜன்னலில் யூனிட்டை வைத்துவிட்டு, ஜன்னல் சட்டத்தை அதன்மேல் இறக்குவதற்கு முன்னால் கையைத் துடைக்கத் துணி தேடினேன். அவ்வளவுதான். பெட்டி வெளிப்பக்கம் சாய்ந்து இறங்கியது. ஒயர் மட்டும் என் கையில். கிணற்றில் குடத்தை விட்டவன் மாதிரி அந்த ஒயரைப் பிடித்தபடி எட்டிப் பார்த்தேன். நேர் கீழே மகளின் ஊஞ்சல். காலிதான். ஆனால் ஆடிக்கொண்டிருந்தது. அப்போதுதான் இறங்கிப் போயிருக்கிறாள்.

அடுத்த மாதமே இங்கே மினி ஸ்ப்ளிட் என்று சொல்லும் டக்ட் இல்லாத ஏசியைப் போட்டோம். வெளியே ஒரு யூனிட், உள்ளே மூன்று. சுவரில் மூன்று இஞ்ச் துளைகள். இரண்டு நாளில் வேலை முடிந்தது. குளிர்காலத்தில் அதுவே சூடும் தருகிறது, ரொம்பக் குளிர்ந்தால்தான் பாய்லர். டக்ட் மாட்டியிருந்தால் எங்கள் வீட்டில் அது அட்டிக் என்னும் கூரைப் பரண் வழியாகத்தான் போயிருக்கும். டக்ட்டில் போகும் இழப்பு குளிரூட்டவும் சூடாக்கவும் செலவாகும் எரிசக்தியில் 30 சதவீதத்துக்கு மேலேகூட இருக்கலாம் என்று அமெரிக்க எரிசக்தித் துறையே சொல்கிறது. அட்டிக் மாதிரி இடங்களில் ஓடும் டக்ட்தான் மோசம்.

ஒரே வருத்தம், ஒரு வெளி யூனிட்டில் மூன்றையும் கோத்தது. ஒரு அறைக்கு மட்டும் போட்டால் அந்தப் பெரிய கம்ப்ரஸர் அவ்வளவு மெதுவாக ஓட முடியாமல் நின்று நின்று ஓடுகிறது. தனித்தனியாக வாங்கியிருக்கலாம்.

ஸ்பேனர் எழுதியது:

நான் இந்தத் தொழிலில் 22 வருஷம். மொட்டைமாடி சார், கோபித்துக்கொள்ளாதீர்கள், உங்கள் வீட்டில் டக்ட் மேல் தப்பில்லை. நாலு இடத்துக்குக் காற்று கொடுத்துவிட்டு தெர்மோஸ்டாட்டை ஹாலில் ஒன்றே ஒன்று வைத்தவர் மேல்தான் தப்பு. அறைக்கு ஒரு டாம்பர், அதாவது காற்றைக் கூட்டிக் குறைக்கும் தகடு, வைத்து அளந்து விட்டிருந்தால் ஐயா ஸ்டூல் ஏறியிருக்க மாட்டார். இன்னொன்று, கிரிலை அடைத்தால் காற்றோட்டம் குறைந்து காயிலில், குளிரூட்டும் குழாய்ச் சுருளில், ஐஸ் கட்டும். உங்கள் யூனிட் பிழைத்தது அதிர்ஷ்டம்.

என் அனுபவம் சின்னது. மயிலாப்பூரில் ஒரு பாட்டி வீடு. நாலு வருஷமாக ஒவ்வொரு சித்திரைக்கும் யாரோ வந்து "கேஸ் குறைஞ்சிருச்சும்மா" என்று காசு வாங்கிப் போயிருக்கிறார். நான் சோப்புத் தண்ணீரைக் குழைத்து, கேஸ் குழாயை இணைக்கும் ஃபிளேர் நட்டில் தடவினேன். கடுகளவில் ஒரு குமிழி கிளம்பியது, மிளகு ஆயிற்று, நெல்லிக்காய் ஆயிற்று, உடையவே இல்லை. பாட்டி மூக்குக் கண்ணாடியை ஏற்றிக்கொண்டு பக்கத்தில் குனிந்து பார்த்து "இதுக்கா நாலு வருஷம்?" என்றார். அந்த முகம் எனக்கு மறக்கவில்லை.

அதனால் கேட்காமலே சொல்கிறேன். ஏசிக்குள் இருக்கும் கேஸ் அடுப்பு சிலிண்டர் மாதிரி இல்லை, தீர்ந்துபோக. குறைந்தால் எங்கோ ஓட்டை என்று அர்த்தம். முதலில் ஓட்டையை அடை, அப்புறம் கேஸ். ஸ்ப்ளிட் மாட்டும்போது, குழாயிலிருந்து காற்றையும் ஈரத்தையும் உறிஞ்சும் வேக்குவம் பம்ப் கொண்டுவராதவரை வாசலிலேயே திருப்பி அனுப்புங்கள். "கேஸை விட்டே காற்றைத் தள்ளிடலாம் சார்" என்பார். குழாயில் ஈரம் மிஞ்சினால் கம்ப்ரஸர் எண்ணெயோடு சேர்ந்து அமிலமாகும், சீக்கிரமே கம்ப்ரஸர் போகும். வெற்றிடத்தை அளக்கும் மைக்ரான் கேஜ் 500-க்குக் கீழே இறங்கி அங்கேயே நிற்க வேண்டும். கேஜ் இல்லாதவர் குறைந்தது அரை மணி நேரமாவது பம்பை ஓட்டட்டும். இப்போது வரும் பல ஏசிகளில் ஆர்-32 கேஸ். பழைய ஆர்-410ஏயை விடச் சுற்றுச்சூழலுக்குப் பாதகம் குறைவு, ஆனால் லேசாகத் தீப்பிடிக்கும் ரகம். பீடியோடு வேலை பார்ப்பவரை உள்ளே விடாதீர்கள். நட்டைக் கைக்கணக்கில் முறுக்கினால் குழாயின் விரிந்த வாய் வெடிக்கும், அளவோடு முறுக்கும் டார்க் ஸ்பேனர் கேளுங்கள். வெளி யூனிட்டைப் பொந்துக்குள் வைத்துவிட்டு முன்னால் அழகுக்குத் துளைத் தடுப்பு அடிப்பவர்கள் உண்டு. விட்ட சூட்டையே அது திரும்ப இழுக்கும், மத்தியானம் மூச்சு வாங்கும். சர்வீஸ் செய்கிறவன் கால் வைக்க இடம் விடுங்கள். ஆறாவது மாடியில் ஒரு காலில் நின்று நட்டு கழற்றியவன் சொல்கிறேன். பெசன்ட் நகர் மாதிரி கடலோரமென்றால் உப்பு. கூவம், பக்கிங்ஹாம் கால்வாய் ஓரமென்றால் சாக்கடை வாயு. அது காப்பரைக் கறுக்கவைத்து ஊசித்துளை போட்டுவிடும். அங்கெல்லாம் பூச்சுள்ள காயில் கேட்டு வாங்குங்கள்.

குசினிப்புகை எழுதியது:

ஸ்பேனர் அண்ணை, டாம்பர் குளிரை மறிக்கும். மணத்தை மறிக்குமோ?

கனடாவில் ஸ்காபரோ. வந்த புதிதில் ஒரு வீட்டின் பேஸ்மென்டில் வாடகைக்கு இருந்தேன். இங்கத்தைய வீடுகளில் ஒரே ஃபர்னஸ், ஒரே டக்ட். குளிருக்குச் சூடும் அதால்தான், வெயிலுக்கு ஏசியும் அதால்தான். கீழே நாங்கள், மேலே வீட்டுக்கார அக்கா குடும்பம். ஒரு சனிக்கிழமை ஊரிலிருந்து வந்த கட்டாக் கருவாட்டைப் பொரித்தேன். குசினிக் கதவைப் பூட்டி, ஃபேனையும் போட்டுத்தான் பொரித்தேன். பாதிக் கருவாடு சட்டிக்குள் இருக்கையிலேயே சீலிங்கில் இருந்த டக்ட் ஓட்டைக்குள்ளால் அக்காவின் குரல் தெளிவாகக் கேட்டது: "ஐயோ, பொம்பிளை பாக்க வந்த ஆக்கள் ஹோலுக்குள்ள இருக்கினம்!"

எங்கள் கருவாடு அவர்களின் ஹோலுக்குப் போய்ச் சேர்ந்துவிட்டது. அவர்களின் கதை எங்கள் சட்டிக்கு வந்துவிட்டது. அடுப்பை நிறுத்திப்போட்டு, மூச்சும் விடாமல் நின்றேன்.

அந்தக் கலியாணம் சரிவந்ததோ என்று இன்றைக்கும் தெரியாது. கேட்கத் துணிவில்லை. இப்போது சொந்த வீடு. பேஸ்மென்டில் இருக்கிற பெடியனுக்கு டக்ட்டை முழுக்க அடைத்துவிட்டுத் தனியாக டக்ட் இல்லாத ஏசி ஒன்று பூட்டிக் கொடுத்திருக்கிறேன், குளிருக்கும் அதுதான். அவன் என்ன சமைத்தாலும் எனக்குத் தெரியாது. நான் மனைவியோடு கதைப்பதும் அவனுக்குக் கேட்காது.

ஐந்துபாய் எழுதியது:

மூன்று அறைக்கு மூன்று ஏசி, ஒரு வெளி யூனிட்டில் மூன்று ஏசி என்று போகிறது பேச்சு. எங்கள் வீட்டில் ஒன்றுதான். மதுரை, மொட்டை மாடிக்குக் கீழ் அறை.

போன அக்னி நட்சத்திரத்தில் நான், அவர், இரண்டு பிள்ளைகள், என் மாமியார், பிரசவத்துக்கு வந்திருந்த நாத்தனார், எல்லாரும் அந்தப் பத்துக்குப் பன்னிரண்டு அறையில். நாத்தனாருக்குக் கட்டில், மற்றவர்களுக்கு ஐந்து பாய். ஒரு நாள் நடு ராத்திரி கரண்ட் போனது. எனக்கு மட்டும் விழிப்பு. இருட்டில் யாரும் அசையவில்லை. குளிர் அறைக்குள் அப்படியே நின்றது. சின்னவன் கால் மாமியார் வயிற்றின் மேல். பகலில் என்னோடு புளிக்கும் உப்புக்கும் சண்டை போடும் மாமியார், என் புடவை முந்தானையை இழுத்துத் தன் காதைப் போர்த்திக்கொண்டு தூங்குகிறார். உருவ மனசு வராமல் கரண்ட் வரும்வரை அப்படியே கிடந்தேன். கால் மணி நேரம் இருக்கும்.

ஒரே அறையைக் குளிர வைத்தால் போதும் என்பதுதான் எனக்கு இதன் அருமை. 26-இல் வைத்து மின்விசிறியும் போட்டால் ஒரு ராத்திரிக்கு மீட்டரில் 5 யூனிட் ஓடுகிறது, எழுதி வைத்துப் பார்த்தேன். இரண்டு மாதத்துக்கு வீட்டுக்கு மொத்தம் 470 யூனிட் வந்தது. 500-ஐத் தாண்டினால் கீழ் அடுக்குக் கட்டணமும் சேர்ந்து ஏறும் என்பது தமிழ்நாட்டில் பில் கட்டுகிறவர்களுக்குத் தெரியும். டக்ட் போட்டு வீடு முழுக்கக் குளிரூட்டியிருந்தால் அந்தக் கணக்கைப் போட்டுப் பார்க்கவே பயமாக இருக்கிறது.

ஈரத்துணி எழுதியது:

எல்லாரும் புகழ்கிறீர்கள். தண்ணீர் பற்றி யாரும் பேசவில்லை. எங்கள் அபார்ட்மென்ட்டில் படுக்கையறை ஸ்ப்ளிட்டின் டிரெயின் பைப்பைச் சுவரோடு விட்டுவிட்டுப் போய்விட்டார் மாட்ட வந்தவர். சொட்டுச் சொட்டாகத்தானே என்று நானும் விட்டேன். ஒரு நாள் காலிங் பெல். கீழ் வீட்டு அக்கா, கையில் அவருடைய முகூர்த்தப் புடவை. நிழலில் காயட்டும் என்று பால்கனியில் போட்டிருக்கிறார். அரக்குப் பட்டில் உள்ளங்கை அகலத்துக்குச் சாயம் கரைந்து, நடுவில் துரு நிறத்தில் ஒரு கோடு. பேசவே இல்லை, விரித்துக் காட்டினார், மடித்தார், போய்விட்டார்.

பைப்பைப் பாத்ரூமுக்குள் திருப்ப 400 ரூபாய்தான் ஆனது. அவர் இன்னும் பேசுவதில்லை. லிஃப்டில் நான் ஏறினால் இறங்கிப் படியில் போகிறார்.

ஸ்பேனர் எழுதியது:

டிரெயினுக்கு வாட்டம் கொடுக்காதவன் மெக்கானிக்கே இல்லை. மாட்டி முடித்ததும் உள் யூனிட்டில் ஒரு சொம்புத் தண்ணீர் ஊற்றிக் காட்டச் சொல்லுங்கள், மொத்தமும் பைப்பில் வரணும்.

ஐந்துபாய் அம்மா, 26 சரி, ஆனால் அந்த அறையில் ஆறு பேர் என்றால் ஃபில்டரைப் பதினைந்து நாளைக்கு ஒருமுறை கழுவுங்கள். மொட்டை மாடிக்குக் கீழ் அறை வேறு, மேலே கூலிங் பெயிண்ட் அடித்தால் சூடு குறையும்.

ஐந்துபாய் எழுதியது:

அண்ணா, ஃபில்டர் ஞாயிறு தோறும் கழுவுகிறேன். பெயிண்டும் அடித்தாயிற்று. நான் மாமியாரைப் பற்றித்தான் சொல்ல வந்தேன்.

ஊஞ்சல் எழுதியது:

அந்த ஊரில் 26, 28 என்று இருக்கிறீர்கள். எங்கள் அலுவலகத்தில் ஆகஸ்டில் ஸ்வெட்டர் போட்டு உட்காருகிறோம், அங்கே எல்லாம் டக்ட்தான். இந்தியாவில் 2020 முதல் ஸ்டார் முத்திரை பெற்ற ஏசிகள் 24-இல்தான் தொடங்கவேண்டும் என்று விதி வந்ததே, அதை நினைத்துப் பொறாமைப்பட்ட ஒரே ஆள் நானாகத்தான் இருப்பேன்.

ஸ்பேனர் எழுதியது:

மொட்டைமாடி சார், ஒன்று கேட்க மறந்தேன். அந்த டக்ட் யூனிட்டை இப்போதும் ஆட்கள் வந்தால் போடுகிறீர்கள் என்றீர்களே. கிரிலுக்குள் இருந்த துணியை எடுத்தீர்களா?

மொட்டைமாடி எழுதியது:

இல்லை. நீங்கள் கேட்ட பிறகுதான் இன்று கிரிலைக் கழற்றினேன். வேட்டி, இரண்டு துண்டு, ஒரு தலையணை உறை, அப்புறம் என் ஒன்பதாம் வகுப்புச் சீருடைச் சட்டை. அது எப்படி இத்தனை வருஷம் வீட்டில் இருந்தது என்று தெரியவில்லை. அப்பா கீழே ஸ்டூலைப் பிடித்துக்கொண்டு நின்றார். ஒவ்வொன்றாக வாங்கித் தூசி தட்டினார். வேட்டியை மட்டும் வெளிச்சத்தில் விரித்துப் பார்த்து, "கரை கெட்டியாத்தான் இருக்கு, துவைச்சா கட்டலாம்" என்று தோளில் போட்டுக்கொண்டு போனார்.