மீட்புப் புள்ளியா, இழுகண்ணா, கொளுவியா? (வெள்ளிக்குள் வேண்டும்)

குழுவினருக்கு வணக்கம்.

பழைய நாற்சக்கர இயக்க வண்டிகளைக் காட்டுவழிக்குத் தயார் செய்வது பற்றிய கையேடு ஒன்றை மொழிபெயர்த்துக்கொண்டிருக்கிறேன். வெள்ளிக்கிழமை பக்க வடிவமைப்புக்குப் போகவேண்டும், ஒரு சொல்லுக்காக ஓர் அத்தியாயமே நிற்கிறது. ரிக்கவரி பாயிண்ட் என்பதைத் தமிழில் எப்படிச் சொல்லலாம்? சேற்றிலோ மணலிலோ புதைந்த வண்டியை வெளியே இழுக்க, பட்டையை மாட்டுவதற்கென்றே வண்டியின் அடிச்சட்டமான சேஸியில் போல்ட் போட்டு இறுக்குகிற கனத்த இரும்புப் பாகம் அது.

உயிர் சம்பந்தப்பட்ட விஷயம் என்பதால்தான் இவ்வளவு கேட்கிறேன். பழைய வண்டிகளின் முன்பக்க அடியில் தெரிகிற வளையங்கள் பலவும், வண்டியைக் கப்பலிலோ லாரியிலோ ஏற்றும்போது ஆடாமல் கட்டிவைக்கப் போட்டவை. அந்த வேலைக்கு அவை போதும். புதைந்த வண்டியை வெடுக்கென்று இழுக்கிற விசையில் பிய்ந்துகொண்டு பறக்கும். டிரெய்லர் மாட்டுகிற குண்டு இன்னும் மோசம், அது முறிந்து பறந்து ஆட்கள் செத்திருக்கிறார்கள். ஆக, இழுப்பதற்கு ஒரு சொல், கட்டிவைப்பதற்கு ஒரு சொல், பதற்றத்தில் படிக்கிறவருக்கும் ஒன்று மற்றொன்றாகத் தெரியக்கூடாது. வரைவில் இப்போதைக்கு ‘மீட்புப் புள்ளி’ என்று இருக்கிறது.

* * *

> வரைவில் இப்போதைக்கு ‘மீட்புப் புள்ளி’

தம்பி, புள்ளி வேண்டவே வேண்டாம். மெய்யெழுத்தின் தலையில் இருப்பது புள்ளி, மானின் உடம்பில் இருப்பது புள்ளி. அதில் கயிற்றை எங்கே மாட்டுவது? கணினி பற்றி எழுதுபவர்களும் மீட்புப் புள்ளி என்றே எழுதத் தொடங்கினால் குழப்பம் இரட்டிப்பாகும்.

‘இழுகண்’ என்று வையுங்கள். வலைக்கு இருப்பது கண், பாலத்துக்கு இருப்பது கண், கயிறு நுழைகிற துளையும் கண்தான். இழுத்த, இழுக்கிற, இழுக்கும் என்று மூன்று காலத்துக்கும் பொருந்துகிற வினைத்தொகை, எனவே சுடுகாடு, ஊறுகாய் போல வலி மிகாது. யாராவது திருத்துகிறேன் என்று ‘இழுக்கண்’ ஆக்கிவிடாமல் பார்த்துக்கொள்ளுங்கள், அது இடுக்கண் என்று கண்ணில் படும். வள்ளுவர் இடுக்கணையும், தடைப்பட்ட இடமெல்லாம் வண்டியை இழுத்துச் செல்லும் பகட்டையும் ஒரே குறளில் (624) சேர்த்து வைத்தது நினைவுக்கு வருகிறது. பகடு என்ற சொல் எருது, எருமை, யானை மூன்றையும் குறிக்கும், அதைப் பற்றித் தனியாகவே எழுதவேண்டும்.

* * *

ஐயா சொன்னதில் எனக்கு ஒரு மாறுபாடு. கண் என்பது ஒன்று ஊடே போகிற வழி. பிடித்துத் தூக்குவதற்காக வெளியே நீட்டிக்கொண்டிருக்கும் பகுதிக்குத் தமிழில் காது என்று பெயர். சட்டிக்குக் காது, அண்டாவுக்குக் காது, நூல் கோக்கிற ஊசிக்கும் காதுதான். சேஸியிலிருந்து வெளியே நீண்டு, நடுவில் துளையும் உள்ள இரும்பு காது இல்லாமல் வேறென்ன? ‘இழுகாது’ என்று வைத்தால் யாருக்கும் விளக்கவேண்டியதில்லை.

* * *

அம்மா, பொருள் மிகச் சரி. ஆனால் ‘இழுகாது’ என்று அச்சில் வந்தால் எழுத்துப்பிழை என்று நினைத்து ‘இழுக்காது’ என்று படிப்பார்கள். பாதுகாப்புக் கையேட்டில் இப்படி நடந்தால் தாங்காது. ‘மீட்புக்காது’ என்று மாற்றினாலும் ‘மீட்புக்கு ஆகாது’ என்று காதில் விழுகிறது.

* * *

நான் பட்டறைக்காரன், இலக்கணம் அவ்வளவாகத் தெரியாது. டோ ஹுக் என்று எழுதுங்கள், எல்லாருக்கும் புரியும் என்று முதலில் சொல்லத் தோன்றியது. அதிலும் ஒரு வம்பு இருக்கிறது. பழுதான வண்டியைத் தார்ச்சாலையில் மெல்ல இழுத்துக்கொண்டு போக மாட்டுவதையும் டோ ஹுக் என்றுதான் சொல்கிறோம். அதுவும் இதுவும் ஒன்று என்று நினைத்துவிடுவார்கள்.

சொல் எதுவானாலும், பொருத்துவது எப்படி என்று கையேட்டில் தெளிவாக இருக்கட்டும். பழைய வண்டி என்றால் முதலில் சேஸியைச் சுத்தியலால் தட்டிப் பார்க்கவேண்டும். கணீரென்று கேட்டால் நல்லது, மொத்தென்று கேட்டாலோ பொருக்கு உதிர்ந்தாலோ உள்ளே துரு தின்றிருக்கிறது, அந்த இடத்தில் என்ன மாட்டினாலும் வீண். துளை போடுவதாக இருந்தால் சட்டத்தின் நிமிர்ந்த பக்கத்தில், மேல் கீழ் மடிப்புகளில் கூடாது. பெட்டி மாதிரி மூடிய சட்டமாக இருந்தால் உள்ளே குழாய்த் துண்டு ஒன்றைக் கொடுத்து அதன் வழியாக போல்ட் போடவேண்டும், இல்லாவிட்டால் இறுக்க இறுக்கச் சட்டம் உள்வாங்கும், கொஞ்ச நாளில் போல்ட் தளரும். போல்ட் தலையில் 8.8 அல்லது 10.9 என்று பொறித்திருக்கவேண்டும். புள்ளிக்கு முன்னால் உள்ள எண்ணை 100 ஆல் பெருக்கினால் அதன் இழுவலிமை மெகாபாஸ்கலில் வரும். தலையில் எண்ணே இல்லாத போல்ட்டைத் தொடவேண்டாம்.

இரண்டு பக்கமும் ஒவ்வொன்று போட்டு, நடுவில் இணைப்புப் பட்டை கொடுத்து இழுப்பதுதான் முறை, ஒரு பக்கம் மட்டும் இழுத்தால் பழைய சேஸி கோணும். அந்த இணைப்புப் பட்டை குட்டையாக இருந்து நடுவில் 120 பாகை விரிந்துவிட்டால், ஒவ்வொரு பக்கமும் முழு இழுவையையும் தாங்கவேண்டி வரும், இரண்டு போட்டதில் பயனே இல்லை.

* * *

பட்டறை அண்ணன் எழுதியதைப் படித்ததும் புறநானூறு 102 நினைவுக்கு வந்தது. உப்பு வணிகர்கள் பள்ளத்தில் இறங்கினாலும் மேட்டில் ஏறினாலும் என்ன ஆகுமோ என்று வண்டியின் அடிமரத்தில் கூடுதலாக ஓர் அச்சைக் கட்டிக்கொண்டு போவார்கள், அதற்கு ‘சேம அச்சு’ என்று பெயர். ஔவையார் அதியமானின் மகன் பொகுட்டெழினியை அதற்கு ஒப்பிடுகிறார். காட்டுவழி வண்டியில் ஆபத்துக்கென்று பொருத்துகிற பாகத்துக்கு இதைவிடப் பொருத்தமான அடை கிடையாது. ‘சேமக்கொளுவி’ என்று முன்மொழிகிறேன். கொளுவுதல் ஈழத்து வழக்கில் இன்றும் புழங்குகிற சொல், மாட்டுதல் என்று பொருள்.

* * *

> சேமக்கொளுவி

சேமம் அழகு. ஆனால் இன்றைக்குச் சேமிப்பு என்றால் பணம்தான். சேமக்கொளுவி என்றால் வண்டியில் உபரியாக எடுத்துப்போகிற கொக்கி என்றுதான் எனக்கே தோன்றுகிறது. இன்னொன்று, கொளுவி என்பது போய்க் கொளுவுகிற பொருள், இதுவோ பட்டையை மாட்டுகிற ஷாக்கிள் என்ற இரும்பு வளையம் வந்து கொளுவப்படும் பொருள். வினைமுதலையும் செயப்படுபொருளையும் இப்படிக் கலக்கலாமா?

* * *

கலக்கலாம் ஐயா, இகர விகுதியே அதற்கு இடம் தருகிறது. நெருப்பைக் குறிக்கும் சேர்ந்தாரைக்கொல்லியில் அது வினைமுதல், மண்வெட்டியில் கருவி, ஊருணியில் செயப்படுபொருள். ஊரால் உண்ணப்படுவது ஊருணி என்றால் கொளுவப்படுவது கொளுவி. இது எல்லாரும் படித்த இலக்கணம்தானே.

சேமத்தை விட்டுவிடுகிறேன், மனமில்லாமல்தான்.

* * *

எல்லாருக்கும் நன்றி. கோப்பை இன்று இரவு அனுப்பவேண்டும், அதனால் இப்படிப் போடுகிறேன். இழுப்பதற்குப் பொருத்தும் பாகம் ‘மீட்புக் கொளுவி’. கப்பலில் கட்டிவைக்கப் போட்டது ‘கட்டுவளையம்’. இழுகண்ணை விட்டதற்குக் காரணம், கட்டுகின்ற வளையத்தையும் யாராவது கட்டுகண் என்று சொல்லத் தொடங்கினால் இரண்டும் ஒரே அச்சில் வார்த்த சொல்லாகிவிடும், எனக்கு அவை எவ்வளவு தள்ளி நிற்கின்றனவோ அவ்வளவு நல்லது. ஒவ்வோர் அத்தியாயத்திலும் முதல் இடத்தில் ‘ரிக்கவரி பாயிண்ட் எனப்படும் மீட்புக் கொளுவி’ என்று வரும். படத்தில் கட்டுவளையத்தின் மேலும் டிரெய்லர் குண்டின் மேலும் சிவப்பில் குறுக்குக் கோடு போடச் சொல்லியிருக்கிறேன்.

* * *

எனக்கு மறுப்பில்லை. அந்தக் குறுக்குக் கோடு பெரிதாக இருக்கட்டும், வெயிலில் குனிந்து பார்க்கிறவனுக்கும் தெரியவேண்டும்.

* * *

பெரும்பான்மை முடிவு, சரி. ஊருணி வழக்கில் நிலைத்த சொல், கொளுவிக்கு அந்த வழக்கு இன்னும் இல்லை. அடுத்த பதிப்பு வரும்போது இழுகண்ணை மறுபடி எடுத்துக்கொண்டு வருவேன்.