வேலிமரத்துத் தேவாங்கும் கிணற்றடித் தூக்கணாங்குருவியும்: தோட்டத்தில் படம் பிடித்தவர்களின் அனுபவங்கள்

அய்யலூரிலிருந்து:

எங்கள் தோட்டத்தில் தக்காளியும் முருங்கையும்தான் வெள்ளாமை. கிழக்கு ஓரத்தில் தாத்தா காலத்துக் கிளுவை வேலி, இடையிடையே உசிலை மரங்கள். மும்முனை மின்சாரம் பெரும்பாலும் இரவில்தான் வரும் என்பதால் அப்பா நடுச்சாமத்தில் மோட்டார் போடப் போவார். வேலிமரத்தில் இரண்டு கண்கள் கங்காக மின்னுவதாகப் பல வருடங்களாகச் சொல்லிக்கொண்டிருந்தார். அப்பத்தா அந்தப் பேச்சையே எடுக்க விடமாட்டார். தேவாங்கைப் பார்த்தால் குடும்பத்துக்கு ஆகாது என்பது அவர் கட்சி. மாந்திரீகம், தாயத்து என்று அந்தப் பிராணியைப் பிடித்து வதைத்த கதைகள் எங்கள் பக்கம் ஏராளம்.

படம் எடுக்க நினைப்பவர்களுக்கு: பிளாஷ் கூடவே கூடாது. இருட்டில் வாழும் அந்தப் பெரிய கண்கள் கூசிப்போகும். டார்ச்சின் முகப்பில் சிவப்புக் கண்ணாடித்தாளைக் கட்டிக்கொண்டால் அது நம்மைப் பெரிதாகப் பொருட்படுத்துவதில்லை. கேமராவைத் தாங்க முக்காலி, ஒளியுணர்வு (ஐஎஸ்ஓ) 3200, ஷட்டர் வேகம் 1/30 நொடி. மெல்ல நகரும் பிராணிக்கு இது தாராளம் என்று தோன்றும். ஆனால் பூச்சியைக் கண்டதும் பின்னங்கால்களால் கிளையைப் பற்றியபடி கைகளை வீசிப் பிடிக்கும் பாருங்கள், அந்த நொடி படத்தில் கலங்கித்தான் விழும். மொத்தப் படமும் சிவப்பாக வரும். கறுப்புவெள்ளையாக மாற்றிவிடுவது உத்தமம்.

ஒருநாள் குட்டி மட்டும் கிளையைக் கட்டிக்கொண்டு தனியாக இருந்தது. இரைதேடப் போகும் தாய் குட்டியை இப்படி விட்டுப்போவது வழக்கம்தான். பாவம் பார்த்து வீட்டுக்குத் தூக்கி வந்துவிடாதீர்கள்.

தேவாங்குக்குத் தாவத் தெரியாது. கிளையும் கிளையும் உரசிக்கொண்டிருந்தால்தான் மரம்விட்டு மரம் போகும். இல்லையென்றால் தரையில் இறங்கி நாயிடமோ வண்டியிடமோ மாட்டும். கரூர், திண்டுக்கல் மாவட்டங்களில் 11,806 ஹெக்டேர் பரப்பில் கடவூர் தேவாங்கு சரணாலயம் 2022 அக்டோபரில் அறிவிக்கப்பட்டது. தேவாங்குக்கென்று நாட்டிலேயே அதுதான் முதல் சரணாலயம். ஆனால் அதன் எல்லைக்கு வெளியே தேவாங்குக்கு நம் வேலிதான் காடு. கம்பிவேலி போட விலை விசாரித்து வைத்திருந்த அப்பா, கிழக்கு ஓரத்தை மட்டும் விட்டுவிட்டார். என் படத்தின் அழகில் மயங்கினார் என்று சொல்ல ஆசைதான். பயிரைத் தின்னும் பூச்சிகளை அது தின்னும் என்று சொன்னதுதான் எடுபட்டது.

புதுக்கோட்டையிலிருந்து:

நடுச்சாமத்தில் விழித்திருக்கும் பொறுமை எனக்குக் கிடையாது. எங்கள் பாசனக் கிணற்றின்மேல் சாய்ந்த மரத்தில் தூக்கணாங்குருவிகள் கூடு கட்டும். அண்ணாந்து பார்த்து எடுத்தால் வெறும் வானமும் கருநிழலும்தான் கிடைக்கும். கிணற்றுக்குள் தாழத் தொங்கும் கூடு என்றால் மேட்டில் உட்கார்ந்தபடி நேர்க்கோட்டில் எடுக்கலாம். ஆண்குருவி பாதி கட்டிவிட்டு நிறுத்திக்கொள்ளும். பெண்குருவி வந்து உள்ளே புகுந்து சோதித்து, பிடித்திருந்தால்தான் மீதி வேலை. பிடிக்காமல் அது பறந்துபோகும் நேரத்தில் ஆண்குருவி நிற்கும் நிலை இருக்கிறதே, அதைத்தான் நான் எடுக்கக் காத்திருப்பேன். காலை வெயில் மஞ்சள் தலையில் படும்போது எடுங்கள்.

நத்தத்திலிருந்து:

அய்யலூர்க்காரருக்கு ஒரு வார்த்தை. படத்தைப் பகிரும்முன் அதில் பதிந்திருக்கும் இருப்பிடக் குறியீட்டை நீக்கிவிடுங்கள். தேவாங்கு 1972 வனவுயிர்ப் பாதுகாப்புச் சட்டத்தின் முதல் அட்டவணையில் இருக்கிறது. பிடித்தாலும் வைத்திருந்தாலும் சிறைதான். அப்படியும் எங்கள் உறவினர் ஒருவரின் படம் பரவிய மறுவாரமே கார் போட்டுக்கொண்டு ஆட்கள் வந்து தோட்டத்துக்கு வழி கேட்டார்கள். என் மாமனார் மிகுந்த மரியாதையுடன் அவர்களைப் பக்கத்து ஊர்க் கல்குவாரிக்கு அனுப்பிவைத்தார்.