புதுப்பிப்பு: பழைய பச்சைக் கண்ணாடிப் பூச்சாடியின் வெண்படலம் போனது (அடிப்பகுதி தவிர)

காரைக்குடி முனீஸ்வரன் கோவில் தெருவில் வாங்கிய பூச்சாடியின் உள்ளே படிந்த வெண்படலத்தை எப்படி எடுப்பது என்று கேட்டிருந்தேன். யோசனை சொன்ன எல்லோருக்கும் நன்றி.

முதலில் அரிசியும் வினிகரும் போட்டுக் குலுக்கினேன். அழுக்கு வந்தது, படலம் அசையவில்லை. பலித்தது சிட்ரிக் ஆசிட்தான். வெதுவெதுப்பான தண்ணீரில் கரைத்து, கழுத்துவரை ஊற்றி இரவு முழுக்க விட்டேன். உப்புத் தண்ணீர் விட்டுப்போன கால்சியம் படிவு கரைந்துவிட்டது. கொதிநீர் மட்டும் வேண்டாம், திடீர்ச் சூட்டில் பழைய கண்ணாடி விரிசல் விடும்.

அடியில் மட்டும் மங்கல் அப்படியே இருக்கிறது. தண்ணீர் நெடுங்காலம் தேங்கினால் கண்ணாடியிலுள்ள சோடா (சோடியம் சேர்மம்) கசிந்து பரப்பே அரிபட்டுவிடும். அதை எந்த அமிலமும் சரிசெய்யாது, மெருகேற்றத்தான் வேண்டும்.

எதிர்பாராதது இனிமேல்தான். புறஊதா டார்ச் அடித்துப் பாருங்கள் என்று ஒருவர் சொல்லியிருந்தார். இருட்டில் 395 நானோமீட்டர் டார்ச்சை அடித்ததும் சாடி முழுக்கப் பளீரென்று பச்சையாக ஒளிர்ந்தது. யுரேனியம் கண்ணாடி! நிறத்துக்காகச் சிறிதளவு யுரேனியம் கலந்து செய்வது, 1830களில் பொஹீமியாவில் (இன்றைய செக் குடியரசின் பகுதி) பிரபலமான வகை. கதிரியக்கம் மிகக் குறைவு என்பதால் அலமாரியில் வைக்க ஆபத்தில்லை. ஆனால் தேய்த்தால் வரும் தூளைச் சுவாசிக்கக் கூடாது என்பதால் மெருகேற்றும் எண்ணத்தை விட்டுவிட்டேன். அந்த மங்கல் இருந்தாலும் அழகாகத்தான் இருக்கிறது.