கரடிகள் உலவும் காட்டில் உணவை எங்கே வைப்பது?

கேள்வி: அமெரிக்காவின் கலிபோர்னியாவிலுள்ள யோசெமிட்டி தேசியப் பூங்காவின் உட்காட்டில் கூடாரமிட்டுத் தங்க எண்ணியுள்ளேன். எடை மிகுந்த கரடித் தடுப்புக் கலனை (கரடியால் திறக்க முடியாத உறுதியான உணவுப் பெட்டி) சுமப்பதற்குப் பதிலாக, உணவுப் பையை மரக்கிளையில் தொங்கவிட்டால் போதாதா? முதுகுப்பையை எங்கே வைப்பது?

பதில் 1: போதாது, அங்கே தொங்கவிட அனுமதியே இல்லை, கலன் கட்டாயம். கயிற்றைக் கடித்தும் கிளையை முறித்தும் பையை வீழ்த்த அங்குள்ள கருங்கரடிகள் கற்றுக்கொண்டுவிட்டன. தாயைப் பார்த்துக் குட்டிகளும் பழகிக்கொள்கின்றன. அனுமதிச் சீட்டு வழங்கும் நிலையங்களிலேயே கலன் வாடகைக்குக் கிடைக்கும். உணவோடு பற்பசை, சோப்பு, வெயில்காப்புக் களிம்பு, குப்பை என மணமுள்ள அனைத்தும் அதற்குள் அடங்க வேண்டும் என்பதால், பெரிய அளவையே எடுங்கள்.

பதில் 2: கலனைப் பாறை விளிம்பிலோ நீரோடையருகிலோ வைக்காதீர்கள், கரடி உருட்டினால் திரும்பக் கிடைக்காது. அதில் கயிறு கட்டுவதும் தவறு, ஏனெனில் கரடி அதைப் பற்றி இழுத்துச் சென்றுவிடும். முதுகுப்பையைக் காலிசெய்து, அதன் அறைகளைத் திறந்தே வையுங்கள். மோப்பம் பிடிக்க வரும் கரடி அதைக் கிழிக்காமல் போகக்கூடும்.

பதில் 3: பூங்காவுக்குப் பூங்கா விதி மாறும். பழுப்புக் கரடிகளும் வாழும் யெல்லோஸ்டோன் என்ற மற்றோர் அமெரிக்க தேசியப் பூங்காவில், உணவுப் பையைத் தரையிலிருந்து 3 மீட்டர் உயரத்திலும் பக்கத்துத் தூண் அல்லது அடிமரத்திலிருந்து 1.2 மீட்டர் தள்ளியும் தொங்கவிடலாம். ஆனால் சமைக்கும் இடத்துக்கும் உறங்கும் இடத்துக்கும் இடையே குறைந்தது 90 மீட்டர் இருக்கட்டும்.